ஃபேட்டி லிவருக்குக் கடல்பாசி காப்சூல்... வாங்குறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க!

ஸ்கேன் ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது. ஜூம் பண்ணிப் பார்க்கிறீர்கள். கிட்னி நார்மல், பித்தப்பை நார்மல். கடைசியில் ஒரு வரி: 'கிரேடு 1 ஃபேட்டி லிவர்'. வயசு இருபத்தாறு. தண்ணி அடிக்கிற பழக்கம்கூட இல்லை. டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்தார், "வெயிட்டைக் குறைங்க, நடங்க, ஆறு மாசம் கழிச்சு வாங்க" என்று சொல்லி அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்.

அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு வந்து சேர்வதற்குள் கூகுளில் தேடியாயிற்று. அது போதும். ராத்திரி இன்ஸ்டாவைத் திறந்தால் முதல் ரீலே அதுதான். நீலக் கடல், உள்ளங்கையில் ரத்தச் சிவப்பில் ஒரு காப்சூல். 'இதயம், கல்லீரல், கிட்னி மூன்றையும் கொழுப்பிலிருந்து காக்கும் கடலின் அதிசயம்!' அஸ்டாஸாந்தின், ஃபியூகோஸாந்தின் என்று வாயில் நுழையாத பெயர்கள். ஒரு மாத டப்பாவின் விலை, வீட்டு மளிகைச் செலவில் கணிசமான பங்கு.

வாங்கலாமா? இந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டுமென்றால் கொஞ்சம் சுற்றி வர வேண்டும். மண்டபம் கடற்கரை வரைக்கும். பயப்படாதீங்க, நம்ம ஊர்லேர்ந்து ரொம்ப தூரம் இல்லை. திருச்சுழியை ஒட்டி மணலாகக் கிடக்கிற குண்டாறு, தண்ணீர் வருகிற வருடங்களில் கமுதி வழியாகப் போய் மூக்கையூர் பக்கம் சேர்வது அதே மன்னார் வளைகுடாவில்தான்.

கரிசக்காட்டுல தொப்பையா?

கண்மாய் வறண்டு, சீமைக்கருவேலம் மண்டி, வெயிலில் உழைத்து ஒடிசலாக இருக்கிற ஜனங்கள். நம்ம பகுதி பற்றி வெளியூர்க்காரர்களுக்கு மட்டுமல்ல, நமக்கே இருக்கிற படம் இது. அந்தப் படம் பழசாகிவிட்டது.

தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் 2015-16 சுற்றில் தமிழ்நாட்டுப் பெண்களில் 30.9 சதவிகிதம் பேர் அதிக எடை அல்லது உடல்பருமன் கொண்டவர்கள். 2019-21 சுற்றில் அது 40.4 சதவிகிதம். ஆண்கள் 28.2-லிருந்து 37-க்கு வந்துவிட்டார்கள். இந்தியாவின் சராசரியோ பெண்களுக்கு 24, ஆண்களுக்கு 22.9தான். நாலு வருஷத்தில் பத்து சதவிகிதம் ஏறுவது சாதாரண விஷயமில்லை பாஸ்.

இந்தக் கணக்கெடுப்பு எடையையும் உயரத்தையும் வைத்துப் போட்டது. பி.எம்.ஐ 25-ஐத் தாண்டினால்தான் கணக்கில் வரும். நம் உடல்வாகுக்கு அது தாராளமான கோடு. இந்தியர்களுக்கு 23-லேயே எச்சரிக்கை மணி என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். ஏனென்றால் நமக்குக் கொழுப்பு கை, கால், தொடை என்று பரவுவதில்லை, நேராக வயிற்றுக்குள் போய் உட்காருகிறது. கை கால் குச்சி, நடுவில் பானை. 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர்-இந்தியாப் ஆய்வில் பொதுவான உடல்பருமன் 28.6 சதவிகிதம் பேருக்கு. வயிற்றுப் பருமன் மட்டும் 39.5 சதவிகிதம் பேருக்கு. அதாவது, எடை மெஷினில் தப்பித்து டேப்பில் மாட்டுகிறவர்கள் ஏராளம்.

எப்படி இங்கே வந்தோம்? குதிரைவாலி விளைகிற மாவட்டத்தில் மூன்று வேளையும் வெள்ளைச் சோறு. களைவெட்டுக்குப் போன அம்மாவின் மகன் மில்லில் நைட் ஷிஃப்ட், தறிக்கு முன் உட்கார்ந்த வேலை, இல்லை பைக்கில் டெலிவரி. ஷிஃப்ட் முடிந்து வரும்போது திறந்திருப்பது பரோட்டா கடை மட்டும். விருதுநகர் எண்ணெய் பரோட்டாவைக் குறை சொன்னால் எனக்கு ஊரில் சோறு கிடைக்காது, அதனால் பரோட்டாவை விட்டுவிடுகிறேன். அதைப் பொரித்த எண்ணெய்க்குப் பிறகு வருவோம்.

கொழுப்பு சும்மா உட்கார்ந்திருக்காது

வயிற்றுக் கொழுப்பை ஒரு குடோன் மாதிரி நினைத்துக்கொள்கிறோம். மூட்டை அடுக்கினால் இடம் அடைக்கும், அவ்வளவுதானே? இல்லை. கொழுப்பு செல்கள் ஓர் அளவுக்கு மேல் ஊதினால் அவற்றுக்குப் போதுமான ஆக்சிஜன் போய்ச் சேர்வதில்லை. மூச்சு முட்டிய செல்கள் அபாயக் குரல் கொடுக்க, நோய் எதிர்ப்பு செல்கள் ஓடி வருகின்றன. வந்தவை அணைக்கிற தீயைவிட மூட்டுகிற தீ அதிகம். அந்த அழற்சி ரசாயனங்களும், வழிந்த கொழுப்பும் ரத்தத்தில் ஏறி முதலில் போய் நிற்கும் வாசல், கல்லீரல்.

கல்லீரல் செல்லுக்குள் இருக்கிற மைட்டோகாண்ட்ரியா அந்தக் கொழுப்பை எரிக்கப் பார்க்கிறது. அளவுக்கு மேல் எரிக்கும்போது புகை வருமே, அதுதான் 'ஃப்ரீ ரேடிக்கல்'கள். பக்கத்தில் இருக்கிற புரதம், செல் சவ்வு, டி.என்.ஏ எதையும் விடாமல் உரசிக் கெடுக்கும். உடம்பிடமே இதை அணைக்க ஆட்கள் உண்டு. புகை அதிகமாகி ஆட்கள் குறைந்தால் அதற்குப் பெயர் ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ். கல்லீரலில் தழும்பு, கிட்னியின் வடிகட்டியில் கூடுதல் பாரம், ரத்தக்குழாயில் படிவு, இதயத் தசையில் இறுக்கம் எல்லாவற்றிலும் இதற்கு ஒரு பங்கு இருக்கிறது.

அப்படியென்றால் வெளியிலிருந்து ஆன்டிஆக்சிடன்ட் கொடுத்தால் அணைந்துவிடுமே? கேட்க எவ்வளவு அழகாக இருக்கிறது! மொத்த சப்ளிமென்ட் வியாபாரமும் இந்த ஒரு வரியில்தான் நிற்கிறது.

இறால் ஏன் சிவக்கிறது?

வீட்டில் இறால் வாங்கினால் கவனியுங்கள். பச்சையாக இருக்கும்போது சாம்பல் நீலம். சட்டியில் போட்டதும் செக்கச்செவேல். மிளகாய்ப்பொடியால் அல்ல. இறாலின் ஓட்டில் அஸ்டாஸாந்தின் என்கிற சிவப்பு நிறமி ஒரு புரதத்தோடு பிணைந்து நிறம் மறைந்து கிடக்கிறது. சூடு பட்டதும் புரதம் குலைந்து, நிறமி வெளியே வருகிறது. சால்மன் மீனின் சதைக்கு நிறம் கொடுப்பதும் இதுவே. ஆனால் இறாலோ சால்மனோ இதைத் தயாரிப்பதில்லை, நுண்பாசிகளிடமிருந்து உணவுச் சங்கிலி வழியாக வாங்கிக்கொள்கின்றன. கடையில் விற்கிற காப்சூலுக்கும் பெரும்பாலும் ஹெமட்டோகாக்கஸ் என்ற நுண்பாசியைத்தான் வளர்க்கிறார்கள். காமெடி என்னவென்றால், அது கடல் பாசியே இல்லை, நன்னீரில் வளர்வது. நீலக் கடல் ரீல் எடுத்தவருக்கு யாராவது சொல்லுங்கப்பா.

ஃபியூகோஸாந்தின் மட்டும் அசல் கடல் சரக்கு. பழுப்பு நிறப் பாசிகளுக்கு அந்த நிறத்தைக் கொடுப்பது அதுதான். மண்டபம், பாம்பன் பக்கம் 'கட்டக்கோரை' என்பார்களே, அந்த சர்காஸம் பாசியில் இருக்கிறது. 'பக்கோடா பாசி' என்கிற டர்பினேரியாவிலும் இருக்கிறது. (பேரைக் கேட்டதும் பசிக்குதுல்ல?) 2005-ல் ஜப்பானின் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தினர் எலிகளுக்கு இதைக் கொடுத்துப் பார்த்தார்கள். வயிற்றுக் கொழுப்பு குறைந்தது. சேமிப்புக் கொழுப்பின் செல்களுக்குள் யு.சி.பி-1 என்கிற, கொழுப்பை வெப்பமாக எரித்துத் தள்ளும் புரதம் தலைகாட்டியது. அதற்குப் பிறகு உலகம் முழுக்க எலி ஆய்வுகள் குவிந்துவிட்டன. கல்லீரல் கொழுப்பு குறைந்தது, கிட்னி சேதம் குறைந்தது, இதயத் தசை காப்பாற்றப்பட்டது.

எல்லாம் சரி. எலிக்கு.

இங்கேதான் கொஞ்சம் நிதானிக்கணும். இந்த ஆய்வுகளில் பலவற்றில் எலிக்கு மொத்தக் கலோரியில் 60 சதவிகிதம் வரை கொழுப்பாகவே கொடுத்துக் குண்டாக்குகிறார்கள். பரோட்டா பிரியர்களான நாமே அந்த அளவைத் தொட மாட்டோம். நிறமியையும் உடல் எடைக்கு ஏற்ற கணக்கில் நிறையவே கொடுக்கிறார்கள். மனிதரில் என்ன நடந்தது? அதிகம் மேற்கோள் காட்டப்படுவது 2010-ல் வந்த ஓர் ஆய்வு. பருமனான பெண்களுக்கு 16 வாரம் ஃபியூகோஸாந்தின் கொடுத்ததில் எடையும் கல்லீரல் கொழுப்பும் குறைந்தன. ஆனால் அந்தக் காப்சூலில் மாதுளை விதை எண்ணெயும் கலந்திருந்தது. எது வேலை செய்தது என்று எப்படிப் பிரிப்பது? அஸ்டாஸாந்தினை வைத்துக் கொரியாவில் அதிக எடைக்காரர்களிடம் மூன்று வாரம் நடந்த சிறு ஆய்வில் ரத்தத்தில் ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ் அடையாளங்கள் குறைந்தன. அடையாளம் குறைவது வேறு, பத்து வருடம் கழித்துக் கல்லீரல் சுருங்காமல் இருப்பது வேறு. இரண்டாவதைக் காட்டுகிற பெரிய மனித ஆய்வை வைத்துக்கொண்டு யாரும் இந்தக் காப்சூலை விற்கவில்லை.

பீட்டா கரோட்டின் கொடுத்த அடி

'இயற்கைதானே, பலன் இல்லைன்னாலும் கெடுதல் இல்லையே' என்று அத்தை சொல்வார். ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் ஒரு பிரமாண்ட ஆய்வு நடந்தது. காரட்டில் இருக்கிற பீட்டா கரோட்டினை மாத்திரையாகக் கொடுத்தால் நுரையீரல் புற்றுநோய் குறையும் என்பது எதிர்பார்ப்பு. 1994-ல் முடிவு வந்தபோது எல்லோருக்கும் அதிர்ச்சி. மாத்திரை சாப்பிட்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவிகிதம் கூடியிருந்தது. காரட் நல்லது. காரட்டிலிருந்து ஒன்றை மட்டும் உருவி, மூட்டை மூட்டையாகக் கொடுத்தது நல்லதாகவில்லை. பீட்டா கரோட்டினும் அஸ்டாஸாந்தினும் ஒரே கரோட்டினாய்டு குடும்பத்துப் பங்காளிகள். அதனால் இதுவும் அப்படியே செய்யும் என்று நான் சொல்ல வரவில்லை. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-ல் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 8 மில்லிகிராம் அஸ்டாஸாந்தின் பாதுகாப்பானது என்றே சொன்னது. 'இயற்கை' என்ற சொல்லை மட்டும் நம்பி வாயில் போடாதீர்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

ஜிம் போகிறவர்களுக்கு இன்னொன்று. 2009-ல் ஜெர்மனியில் இளைஞர்களை நாலு வாரம் உடற்பயிற்சி செய்யவிட்டு, பாதிப் பேருக்கு வைட்டமின் சி, ஈ மாத்திரைகள் கொடுத்தார்கள். மாத்திரை சாப்பிடாதவர்களுக்கு இன்சுலின் நன்றாக வேலை செய்ய ஆரம்பித்தது. சாப்பிட்டவர்களுக்கு அந்தப் பலன் தெரியவில்லை. உடற்பயிற்சியில் வருகிற கொஞ்சம் 'புகை'தான் உடம்பின் சொந்தத் தீயணைப்புப் படையை எழுப்பி விடுகிறது. மாத்திரை அந்த அலாரத்தையே அமுக்கிவிட்டது என்பது அவர்கள் விளக்கம்.

அதற்காக ஆன்டிஆக்சிடன்ட் என்றாலே டுபாக்கூர் என்றும் சொல்லிவிட முடியாது. 2010-ல் அமெரிக்காவில் நடந்த முக்கியமான ஆய்வில், சர்க்கரை நோய் இல்லாத, கல்லீரல் அழற்சி உறுதியான நோயாளிகளுக்கு அதிக அளவு வைட்டமின் ஈ கொடுத்தார்கள். 43 சதவிகிதம் பேருக்கு முன்னேற்றம், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 19 சதவிகிதம் பேருக்குத்தான். இதனால்தான் சில டாக்டர்கள் இன்றும் தேர்ந்தெடுத்த சிலருக்கு அதை எழுதுகிறார்கள். தேர்ந்தெடுத்த சிலருக்கு, கண்காணிப்போடு. ரீல் பார்த்த எல்லோருக்கும் அல்ல.

சப்ளிமென்ட்காரர்களுக்கு இவ்வளவு பெரிய மைதானம் காலியாகக் கிடைத்ததற்கும் காரணம் உண்டு. கல்லீரலில் கொழுப்பு முற்றி அழற்சியும் தழும்பும் வந்த நிலைக்கென்று அமெரிக்காவில் முதல் மருந்துக்கு ஒப்புதல் கிடைத்ததே 2024 மார்ச்சில்தான். எடையைக் குறைக்கும் ஊசியான மௌஞ்சாரோ இந்தியாவுக்கு வந்தது 2025 மார்ச்சில், அதன் விலை மில் சம்பளத்துக்குக் கட்டுப்படியாகாது. டாக்டரிடம் கொடுக்க மாத்திரை இல்லாத இடத்தில் ரீல்காரர் காப்சூலோடு நிற்கிறார்.

அரசாங்கமே ஒன்று வைத்திருக்கிறதே?

ஆமாம், இருக்கிறது. 1947-ல் தொடங்கப்பட்ட மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்துக்கு முன்பு தலைமையகமாக இருந்தது நம்ம மண்டபம்தான். 1971-ல் தலைமையகம் கொச்சிக்குப் போனது, மண்டபத்தில் இன்னும் அவர்கள் மையம் இருக்கிறது. அந்த நிறுவனத்தின் விஞ்ஞானி காஜல் சக்ரவர்த்தியின் குழு கடல்பாசிகளிலிருந்து மூட்டுவலி, சர்க்கரை, கொலஸ்ட்ரால், தைராய்டு, ரத்த அழுத்தம் என்று வரிசையாகச் சாறுகளை உருவாக்கி 'கடல்மீன்' என்ற பெயரில் கொண்டுவந்தது. அந்த வரிசையில் ஃபேட்டி லிவருக்கென்றே ஒன்று, 'லிவ்க்யூர்'. தொழில்நுட்பத்தைத் தனியார் கம்பெனிகளுக்கு உரிமம் கொடுக்கிறார்கள்.

மதிக்க வேண்டிய உழைப்பு இது. எந்தப் பாசி, எந்த மூலக்கூறு, எப்படிப் பிரிப்பது என்று வருடக்கணக்கில் ஆராய்ந்திருக்கிறார்கள். ரீல் காப்சூலோடு இதை ஒரே தட்டில் வைக்க முடியாது. ஆனாலும் இவை 'நியூட்ராசூட்டிகல்' என்கிற உணவுச் சட்டத்தின் கதவு வழியாக வருகிறவை. ஒரு மருந்து கடைக்கு வருவதற்கு முன் ஆயிரக்கணக்கான நோயாளிகளிடம் காட்ட வேண்டிய நிரூபணத்தை அந்தக் கதவு கேட்பதில்லை. அதனால்தான் இந்த வகை டப்பாக்களில் 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று அச்சிட வேண்டும் என்கிறது விதி. உங்கள் கையில் இருக்கும் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். முன்பக்கம் கல்லீரல் படம், பின்பக்கம் பொடி எழுத்தில் இந்த வரி. அரசு நிறுவனம் செய்தது என்பதற்காக மருந்தாகிவிடாது. மக்கள் பணத்தில் இவ்வளவு தூரம் வந்த ஆராய்ச்சியை, பெரிய அளவு மனிதச் சோதனை வரை அரசே கொண்டுபோனால் என்ன? என் ஆதங்கம் இது.

ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்கணும். பழுப்புப் பாசியில் இருக்கிற ஃபியூகாய்டன் ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தும் தன்மையுள்ளது, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்களுக்கு ஆபத்து. பாசிகளில் அயோடின் அதிகம், தைராய்டு பிரச்னை இருந்தால் அது தாறுமாறாகலாம். ஜப்பானியர்கள் சாப்பிடும் ஹிஜிகி என்ற ஒரு வகை சர்காஸத்தில் ஆர்சனிக் இருப்பதால் அதைச் சாப்பிடாதீர்கள் என்று பிரிட்டன் தன் மக்களுக்கு அறிவுரையே சொன்னது.

கட்டக்கோரையை அறுப்பவர் யார்?

மண்டபம் வரை வந்துவிட்டு இதைச் சொல்லாமல் போனால் சரியாக இருக்காது. பாம்பன், சின்னப்பாலம் பகுதிகளில் பாசி எடுக்கிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். சேலைக்கு மேல் சட்டை, கண்ணுக்குக் கண்ணாடி, விரலில் சுற்றிய துணி. ஆக்சிஜன் சிலிண்டர் எல்லாம் கிடையாது, மூச்சடக்கி இறங்குகிறார்கள். மரிக்கொழுந்துப் பாசி அகர் தயாரிக்க, கட்டக்கோரை ஆல்ஜினேட் தயாரிக்க. ஐஸ்கிரீமிலும் மாத்திரை உறையிலும் இப்படிப் பாசிச் சாறு நம் வாய்க்கு எப்போதோ வந்துவிட்டது. 1986-ல் கடல்சார் தேசியப் பூங்கா வந்த பிறகு தீவுகளைச் சுற்றிப் பாசி எடுப்பதே வனத்துறையோடு ஓயாத இழுபறியானது. தாங்களாகவே மாதத்தில் நாள் கணக்கு வைத்துக்கொண்டு, பாறையைச் சுரண்டாமல் கையால் மட்டும் பறிக்கும் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தவர்கள் இவர்கள். இந்தப் பெண்களின் தலைவியான சின்னப்பாலம் லட்சுமிக்கு 2015-ல் அமெரிக்காவின் சீகாலஜி விருது கிடைத்தது.

இப்போது ராமநாதபுரம் மாவட்டம் வளமாவூரில் சுமார் 127 கோடி ரூபாயில் கடல்பாசிப் பூங்காவுக்கு 2023-ல் அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். காப்சூல் சந்தை பெருகினால் அறுவடையும் பெருகும். மீன் குஞ்சுகள் ஒளிந்து வளர்கிற இடம் அந்தப் பழுப்புப் பாசிக் காடு. வளர்த்து எடுக்கிறார்களா, காட்டை மொட்டையடிக்கிறார்களா என்பதும், லாபத்தில் மூச்சடக்குகிறவருக்கு என்ன பங்கு என்பதும் நம் ஊரிலிருந்தே கேட்க வேண்டிய கேள்விகள்.

சரி, அந்தக் காசுக்கு என்ன செய்யலாம்?

முதலில் எண்ணெய். திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெய், ஆக்சிஜனோடு சேர்ந்து கெட்டுப்போன எண்ணெய். மொத்தத் துருவச் சேர்மங்கள் 25 சதவிகிதத்தைத் தாண்டிய எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 ஜூலையிலிருந்து விதி வைத்திருக்கிறது. ராத்திரி கறுத்த எண்ணெயில் பொரித்ததைச் சாப்பிட்டுவிட்டு, காலையில் ஆன்டிஆக்சிடன்ட் காப்சூல் போடுவது, பைக் டேங்கில் ஓட்டையை வைத்துக்கொண்டு பெட்ரோல் ஊற்றுகிற கதை.

அடுத்து மீன். உங்களுக்குக் கடல் சரக்குதான் வேண்டுமென்றால், தூத்துக்குடியிலிருந்தும் ராமநாதபுரத்திலிருந்தும் ஐஸ் பெட்டியில் வருகிற சாளை, நெத்திலி, அயிலை இருக்கிறதே. ஒமேகா-3 கொழுப்பு அமிலங்களும் புரதமும் ஒரே குழம்பில். பொரிக்காமல் குழம்பாக, வாரம் இரண்டு நாள். கருவாடு ருசிதான், ஆனால் உப்பு ஏறியிருக்கும், பிரஷர் இருக்கிறவர்கள் அளவாக வைத்துக்கொள்ளணும்.

எடை விஷயத்தில் ஆதாரம் ரொம்பத் தெளிவாக இருக்கிறது. உடல் எடையில் 5 சதவிகிதம் குறைந்தாலே கல்லீரல் கொழுப்பு இறங்குகிறது, 7 முதல் 10 சதவிகிதம் குறைந்தால் அழற்சியும் தணிகிறது. எண்பது கிலோ இருப்பவருக்கு அது ஆறிலிருந்து எட்டுக் கிலோ. எந்தக் கடல் நிறமிக்கும் இந்த அளவு சான்று கிடையாது. சொல்வது சுலபம், நைட் ஷிஃப்ட் முடித்து வந்து நடப்பது சுலபமில்லை என்பது எனக்கும் தெரியும். அதனால் 'டெய்லி பத்தாயிரம் ஸ்டெப்ஸ்' என்று உபதேசம் பண்ணப்போவதில்லை. சோற்றுத் தட்டில் பாதியைக் காய்க்கும் பயறுக்கும் விடுவது, பாட்டில் ஜூஸை நிறுத்துவது, ஒரு வேளையாவது குதிரைவாலிக்கு மாறுவது என்று ஷிஃப்ட்டோடு ஒத்துப்போகிற இடத்தில் தொடங்குங்கள்.

இன்னொரு சிக்கல், உங்கள் வயசு. ஃபேட்டி லிவரை 2021-லேயே மத்திய அரசு தன் தொற்றா நோய்த் திட்டத்துக்குள் சேர்த்துவிட்டது. கிராமங்களில் சுகாதாரப் பணியாளர்கள் நிரப்புகிற படிவத்தில் இடுப்பளவுக்கும் இடம் இருக்கிறது. ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80, அதைத் தாண்டினால் மதிப்பெண் ஏறும். ஆனால் அந்தப் படிவம் 30 வயது ஆனவர்களுக்கு. இருபத்தாறு வயதில் ரிப்போர்ட்டோடு பஸ் ஸ்டாண்டில் நிற்கிற நீங்கள் அந்தக் கணக்கிலேயே வர மாட்டீர்கள். ஆகவே நீங்களே போகணும். அரசு ஆஸ்பத்திரியில் சர்க்கரை, கொலஸ்ட்ரால், கல்லீரல் என்சைம் பரிசோதனை கேளுங்கள். முடிவு தேவைப்படுத்தினால் விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பச் சொல்லுங்கள். ஏற்கெனவே காப்சூல் வாங்கிவிட்டீர்களா? டப்பாவையும் கையோடு கொண்டுபோய் டாக்டரிடம் காட்டுங்கள், மறைக்காதீங்க. பச்சைத் தேயிலைச் சாறு மாதிரியான சில 'இயற்கை' மாத்திரைகளே கல்லீரலைப் பாதித்த கேஸ்கள் பதிவாகியிருப்பதால், எதைச் சாப்பிட்டீர்கள் என்பது அவருக்குத் தெரிய வேண்டும்.

தையல்காரர் டேப் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், டீ செலவுதான் ஆகும். தொப்புளுக்குச் சற்று மேலே, மூச்சை வெளியே விட்ட பிறகு, வயிற்றை உள்ளே இழுக்காமல் அளக்கணும். இன்றைய நம்பரை போனில் தேதியோடு எழுதி வையுங்கள். டாக்டர் சொன்ன ஆறு மாசம் கழித்துப் போகும்போது அதைத்தான் அவர் முதலில் கேட்க வேண்டும். அவர் கேட்காவிட்டால் நீங்களே காட்டுங்கள்.